பென்சீன்: வளையமும் அதன் தொழிலும்

பென்சீன் நிறமற்ற, விரைவில் ஆவியாகும் திரவம். ஆறு கார்பன் அணுக்களும் ஆறு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டது அதன் மூலக்கூறு. 80.1 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; 5.5 டிகிரியில் உறைந்து படிகமாகிவிடும். தண்ணீரைவிட இலேசானது, அதில் மிகக் குறைவாகவே கரையும். கொழுப்பு, மெழுகு, பிசின், ரப்பர் ஆகியவற்றையோ நன்றாகக் கரைக்கும். பற்றவைத்தால் கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் கார்பன் அளவுக்கு மீறி இருப்பதே அதற்குக் காரணம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே சிந்திய இடத்தில் மேலெழும்பாமல் தரையோடு தரையாகப் பரவி, தொலைவில் இருக்கும் தீப்பொறியையும் எட்டிவிடும்.

உலகில் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் பென்சீன் தயாராகிறது. ஆனாலும் பென்சீனைப் பென்சீனாகவே விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் இன்று எவரும் இல்லை. ஓர் ஆலையில் பிரித்தெடுக்கப்பட்டு, குழாய் வழியாக அடுத்த ஆலைக்குச் சென்று, அங்கே வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. பசையிலும் மையிலும் சலவைக் கடையிலும் தொழிலாளர்கள் அதைக் கையாலேயே புழங்கினார்கள். கரைப்பான் என்ற நிலையிலிருந்து மூலப்பொருள் என்ற நிலைக்கு அது மாறியதே பென்சீனின் தொழில் வரலாற்றில் முதன்மையான திருப்பம். அந்த மாற்றத்துக்குப் பல உயிர்கள் விலையாயின.

அதை முதலில் பிரித்தெடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. 1820களில் லண்டனில் மீன் எண்ணெய் போன்ற எண்ணெய்களைச் சூடாக்கிக் கிடைத்த வாயுவை, 30 வளிமண்டல அழுத்தத்தில் கலன்களில் அடைத்து விளக்கெரிக்க விற்றார்கள். அந்தக் கலன்களின் அடியில் ஒரு திரவம் தங்கியது. அதைத் திரும்பத் திரும்ப வடித்து, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் மிகுதியாக இறங்கிய பகுதியைத் தனியே எடுத்துக் குளிரவைத்தார் ஃபாரடே. அது உறைந்ததும், உறையாமல் இடையிடையே நின்ற திரவத்தை அழுத்திப் பிழிந்து வெளியேற்றினார். எஞ்சிய படிகம் உருகியபோது கிடைத்தது ஏறக்குறையத் தூய பென்சீன். 1825-இல் ராயல் சொசைட்டியில் இதை அறிவித்தார். அதே ஆய்வில் சூரிய ஒளியில் குளோரினோடு அதை வினைபுரியச் செய்து ஒரு திடப்பொருளையும் பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வயல்களில் தூவப்பட்ட பி.எச்.சி. பூச்சிமருந்து அதுதான்.

சாம்பிராணிப் பிசினிலிருந்து கிடைக்கும் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து வடித்து, 1830களில் ஜெர்மனியின் ஐல்ஹார்ட் மிட்செர்லிக் அதே திரவத்தைப் பெற்றார். பெயரும் அங்கிருந்தே வந்தது. தொழிலுக்கு வழி திறந்தது நிலக்கரித் தார். எரிவாயு ஆலைகளில் நிலக்கரியைச் சூடாக்கியபின் மிஞ்சிய அந்தக் கரிய கழிவில் பென்சீன் இருப்பதை 1845-இல் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் கண்டார். அதைப் பெருமளவில் வடித்தெடுக்கும் முறையை உருவாக்கியவர் அவருடைய மாணவர் சார்லஸ் மான்ஸ்ஃபீல்டு. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் பென்சீன் வடித்துக்கொண்டிருந்தபோது வடிகலனில் தீப்பற்றி, உடல் வெந்து, 35 வயதில் மாண்டார்.

C6H6 என்ற வாய்பாடு வேதியியலாளர்களை நாற்பது ஆண்டுகள் குழப்பியது. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஆறே ஹைட்ரஜன் என்றால் அந்தச் சேர்மம் மிகவும் நிறைவுறாதது; எத்திலீனைப் போல புரோமினைக் கண்டவுடன் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பென்சீன் அப்படிச் செய்வதில்லை. இரும்பு போன்ற வினையூக்கி இருந்தால்தான் புரோமினோடு வினைபுரியும். அப்போதும் ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு புரோமினை ஏற்றுக்கொள்ளுமே தவிர, கூடுதலாக எதையும் சேர்த்துக்கொள்ளாது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேராசிரியராக இருந்த ஆகஸ்ட் கெக்குலே, ஆறு கார்பன்களும் வளையமாக இணைந்திருக்கின்றன என்று 1865-இல் எழுதினார். தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டதால் இந்த எண்ணம் உதித்ததாக 1890-இல் பெர்லினில் நடந்த பாராட்டு விழாவில் அவர் சொன்ன கதை உலகப் புகழ் பெற்றது. அந்தக் கதையின் புகழ் வேறொருவரின் அரிய உழைப்பை மறைத்துவிட்டது. கெக்குலேயின் உதவியாளராக இருந்து பின்னர் இத்தாலிக்குச் சென்ற வில்ஹெல்ம் கோர்னர், வளையம் வெறும் ஊகம் அல்ல என்பதைச் சோதனையில் நிறுவி 1874-இல் வெளியிட்டார்.

அவருடைய வாதத்தை நின்று பார்ப்பது தகும். பென்சீனின் இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதில் இரண்டு புரோமின்கள் அமர்ந்தால் மூன்று மாற்றியங்கள் கிடைக்கின்றன. நான்காவது ஒன்று எவருக்கும் கிடைத்ததில்லை. ஆறு மூலைகளும் சமமான அறுகோணத்தில் இரண்டு மூலைகளைத் தேர்ந்தெடுக்க மூன்றே வழிகள்தாம் உண்டு: அடுத்தடுத்து, ஒன்று விட்டு ஒன்று, எதிரெதிர். எந்தச் சேர்மம் எந்த அமைப்பு என்று அறிய, ஒவ்வொன்றிலும் மூன்றாவதாக ஒரு தொகுதியை ஏற்றி, எத்தனை வகைப் பொருள்கள் உண்டாகின்றன என்று எண்ணினார் கோர்னர். எதிரெதிர் அமைப்பு ஒரே ஒரு பொருளைத்தான் தர முடியும். அடுத்தடுத்த அமைப்பு இரண்டைத் தரும். ஒன்று விட்டு ஒன்று மூன்றைத் தரும். சோதனையிலும் அப்படியே வந்தது. எக்ஸ் கதிரே அறியப்படாத காலத்தில், குடுவையும் தராசும் கொண்டு, கண்ணால் காண முடியாத மூலக்கூறின் வடிவத்தை எண்ணிக்கையால் மட்டுமே நிறுவிய வேலை இது.

ஒரு சிக்கல் எஞ்சியது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி இருந்தால், அடுத்தடுத்த அமைப்பிலேயே இரு வகைகள் இருக்க வேண்டும்: இரு புரோமின்களுக்கும் நடுவே ஒற்றைப் பிணைப்பு உள்ளது ஒன்று, இரட்டைப் பிணைப்பு உள்ளது மற்றொன்று. கிடைத்ததோ ஒன்றே. இரு நிலைகளும் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று 1872-இல் கெக்குலே சமாதானம் சொன்னார். உண்மை விடைக்கு இயற்பியல் வளர வேண்டியிருந்தது. 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல், ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகத்தை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, வளையம் தட்டையானது என்றும் அதன் ஆறு பக்கங்களும் சமம் என்றும் காட்டினார். இன்றைய அளவீட்டின்படி பென்சீனில் இரு கார்பன்களுக்கு இடையிலான தொலைவு 1.39 ஆங்ஸ்ட்ராம், ஒற்றைப் பிணைப்பின் 1.54-க்கும் இரட்டைப் பிணைப்பின் 1.34-க்கும் இடைப்பட்ட அளவு.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டவர் ஒருவருக்கும் இடமுண்டு. வத்திராயிருப்புப் பகுதியைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன், சி. வி. ராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் பங்கேற்றபின், முதலில் டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தப் பண்பை அளந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்ப்பது அவருடைய முறை. பென்சீன் வளையம் உள்ள படிகங்களில் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்த விலக்கம் மிக அதிகம். வளையத்தின் எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல் வளையம் முழுவதும் சுற்றி வருவதன் அடையாளம் அது. படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் இதைக்கொண்டு கணிக்க முடிந்தது. 1936-இல் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்தே இதுபற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

எரிக் ஹுக்கெலும் லைனஸ் பாலிங்கும் 1930களின் தொடக்கத்தில் குவாண்டம் கொள்கையைக் கொண்டு இதை விளக்கினார்கள். ஒவ்வொரு கார்பனும் தரும் ஓர் எலக்ட்ரான் வீதம் ஆறு எலக்ட்ரான்கள் வளையத்தின் மேலும் கீழும் பரவிப் பொதுச் சொத்தாகின்றன. அதனால் கிடைக்கும் நிலைப்புத்தன்மையை அளக்கவும் முடியும். ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட சைக்ளோஹெக்சீனை ஹைட்ரஜனேற்றம் செய்தால் ஒரு மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். மூன்று பிணைப்புக்கு 360 வர வேண்டும். பென்சீனில் வருவது 208 மட்டுமே. குறைந்த சுமார் 150 கிலோஜூல் அளவுக்குப் பென்சீன் எதிர்பார்த்ததைவிட நிலையானது. இந்த ஓர் எண்ணிலிருந்தே அதன் வேதியியல், தொழில், நச்சு மூன்றும் கிளைக்கின்றன.

வளையத்தை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும் என்பதால், பென்சீனின் இயல்பான வினை பதிலீடு. நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் நைட்ரோபென்சீன். கந்தக அமிலத்தில் சல்போனிக் அமிலம். அலுமினியம் குளோரைடு துணையோடு கார்பன் சங்கிலிகள். இந்தக் கடைசி வழியை 1877-இல் கண்டவர்கள் ஃபிரீடலும் கிராஃப்ட்ஸும். இந்த வினைகளுக்குப் பின்னும் வளையம் குலையாமல் நிற்கும்; அடுத்த படிக்கு ஆயத்தமாக இருக்கும். படிப்படியாக ஒரு மருந்தையோ சாயத்தையோ கட்டுவதற்கு இதைவிடத் தோதான அடித்தளம் கரிம வேதியியலில் இல்லை.

முதலில் எழுந்தது சாயத் தொழில். பென்சீனை நைட்ரோபென்சீனாக்கி, அதை இரும்பைக் கொண்டு ஒடுக்கினால் அனிலின் கிடைக்கும். 1856-இல், 18 வயது வில்லியம் பெர்கின் அனிலினிலிருந்து குவினைன் செய்ய முயன்று, கிடைத்த கரிய கசட்டில் ஊதாச் சாயம் கண்டார். அவருடைய அனிலின் தூயதாக இருந்திருந்தால் அந்தச் சாயமே வந்திராது; அதில் கலந்திருந்த டொலுயிடினும் சாய மூலக்கூறில் பங்கு பெற்றது. அடுத்த அரை நூற்றாண்டில் ஜெர்மன் ஆலைகள் உலகச் சாயச் சந்தையைக் கைப்பற்றின. மூன்று பென்சீன் வளையங்கள் ஒட்டிய ஆந்த்ரசீனிலிருந்து 1869-இல் அலிசரின் செய்யப்பட்டது. சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் உள்ள நிறப்பொருள் அது. 1897-இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரி நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் நாஃப்தலீனிலிருந்தும், சில ஆண்டுகளில் அனிலினிலிருந்தும் அது தயாரானது. வங்காளத்திலும் தென்னார்க்காட்டிலும் அவுரி பயிரிட்ட நிலங்கள் வேறு பயிருக்குத் திரும்பின. ஐரோப்பிய ஆய்வகத்தில் நடந்த ஒரு வினை இந்திய விவசாயியின் வயலைத் தொட்ட முதல் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. வேதியியல் நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது சரியல்ல.

இரண்டாம் உலகப் போர்வரை பென்சீன் என்றால் நிலக்கரிதான். எஃகு ஆலைகளின் கோக் உலைகளே அதன் ஊற்று. போர் பென்சீன் தேவையைப் பல மடங்காக்கியது. 1942-இல் மலாயாவை ஜப்பான் பிடித்ததும், தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர் நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போயிற்று. அமெரிக்கா ஸ்டைரீனையும் பியூட்டடையீனையும் இணைத்துச் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்தது. ஸ்டைரீனுக்கு மூலம் பென்சீன். கோக் உலை மட்டும் போதாது என்ற நிலையில் பெட்ரோலியம் அந்த இடத்துக்கு வந்தது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நாப்தாவைச் சுமார் 500 டிகிரியில் பிளாட்டின வினையூக்கியின் மேல் செலுத்தினால் அதன் வளையங்கள் ஹைட்ரஜனை இழந்து பென்சீன், டொலுயீன், சைலீன் ஆகின்றன. விளாடிமிர் ஹென்சல் உருவாக்கிய இந்தச் சீர்திருத்த முறை 1949 முதல் ஆலைகளில் நடைமுறைக்கு வந்தது. எத்திலீனுக்காக நாப்தாவை உடைக்கும் ஆலைகளிலும் பென்சீன் உடன்விளைவாகக் கிடைக்கிறது. டொலுயீன் மிஞ்சினால் அதன் மெத்தில் தொகுதியை நீக்கியும் பெறலாம். கலவையில் உள்ள சைக்ளோஹெக்சேன் 80.7 டிகிரியில் கொதிப்பதால் வெறும் வடித்தலால் பென்சீனைப் பிரிக்க முடியாது. சல்ஃபோலேன் போன்ற கரைப்பானால் உறிஞ்சி எடுக்கிறார்கள்.

கிடைக்கும் பென்சீனில் ஏறத்தாழப் பாதி எத்திலீனோடு சேர்ந்து எத்தில்பென்சீன் ஆகி, பிறகு ஸ்டைரீன் ஆகிறது. தெர்மகோல், தொலைக்காட்சிப் பெட்டியின் உறை, காரின் டயர் ஆகியவற்றில் இருப்பது அதுவே. ஐந்தில் ஒரு பங்கு புரொப்பிலீனோடு சேர்ந்து கியூமீன் ஆகிறது. கியூமீனைக் காற்றால் ஆக்சிஜனேற்றி அமிலத்தில் பிளந்தால் ஃபீனாலும் அசிட்டோனும் ஒருங்கே கிடைக்கும். கொச்சியில் உள்ள ஹிந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆலையின் முறை இது. பிளைவுட் பசை, பாலிகார்பனேட், ஆஸ்பிரின் எல்லாம் ஃபீனாலின் வழித்தோன்றல்கள். இன்னொரு பங்கு சைக்ளோஹெக்சேனாகி நைலான் ஆகிறது. நைட்ரோபென்சீன் வழியே அனிலின் ஆகும் பங்கு இன்று சாயத்துக்குப் போவது குறைவு. பெரும்பகுதி மெத்தைக்கும் குளிர்பதனப் பெட்டியின் உட்சுவருக்கும் உரிய பாலியூரித்தேனுக்குப் போகிறது. குளோரோபென்சீன் வழியே பாராசிட்டமாலும் உண்டு.

அளவில் சிறியதானாலும் அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் இருப்பது சலவைத்தூள். மண்ணெண்ணெயிலிருந்து 10 முதல் 13 கார்பன் உள்ள நேர்ச்சங்கிலிகளைப் பிரித்து, பென்சீனோடு இணைத்து லீனியர் அல்கைல் பென்சீன் செய்கிறார்கள். சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரிப்பது இதைத்தான். அந்த வளையத்தில் ஒரு சல்போனிக் தொகுதியை ஏற்றிச் சோடியம் உப்பாக்கினால் அழுக்கு நீக்கி தயார். வளையத்தின் ஒரு புறம் தண்ணீரை நாடும். எதிர்ப்புறத்து நீண்ட சங்கிலி எண்ணெய்ப் பிசுக்கில் புதையும். 1950களில் கிளைத்த சங்கிலிகளைப் பயன்படுத்தினார்கள். பாக்டீரியாக்களால் அவற்றைச் சிதைக்க முடியாமல் மேலைநாட்டு ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. நேர்ச்சங்கிலிக்கு மாறியது அதன் பிறகே.

பென்சீனை மாற்றாமல் அப்படியே பயன்படுத்திய காலத்தின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் லுட்விக் ரோசெலியஸ் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபினை நீக்கப் பென்சீனைக் கரைப்பானாகக் கொண்டார். அங்கேயே 1920களில் பென்சீன் கலந்த பெட்ரோல் ‘அரால்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ரப்பர்ப் பசையைக் கரைப்பதற்கும், அச்சு மைக்கும், இயந்திரப் பாகங்களின் எண்ணெய் துடைப்பதற்கும் அது மலிவான திரவம்.

கேடு அதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. 1897-இல் சுவீடனின் சைக்கிள் டயர் ஆலையொன்றில் வேலை செய்த இளம்பெண்கள் இறந்ததை சாண்டசன் என்ற மருத்துவர் பதிவுசெய்தார். அவர்களுடைய எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்கும் திறனை இழந்திருந்தது. 1928-இல் பிரான்சிலிருந்து பென்சீன் புழங்கிய தொழிலாளிக்கு ரத்தப் புற்றுநோய் வந்த செய்தி வெளியானது. 1948-இல் அமெரிக்கப் பெட்ரோலியத் தொழில் சங்கத்துக்காகத் தயாரான அறிக்கையே, முற்றிலும் பாதுகாப்பான அளவு பூஜ்யம் மட்டுமே என்று எழுதியது. இருந்தும் பென்சீன் பசை உலகெங்கும் தொடர்ந்தது. இஸ்தான்புல்லில் காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் செருப்பு ஒட்டியவர்களை ஆராய்ந்த முசாஃபர் அக்சோய், சுமார் 28,500 தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டு 1974-இல் வெளியிட்டார். பென்சீன் பசையைக் கைவிட்டபின் அங்கே புதிய நோயாளிகள் குறைந்தார்கள்.

டொலுயீனில் அதே வளையம்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோயை அது தருவதில்லை. டொலுயீனில் வளையத்தோடு ஒட்டிய மெத்தில் தொகுதியைக் கல்லீரல் எளிதில் ஆக்சிஜனேற்றிப் பென்சாயிக் அமிலமாக்கி, சிறுநீரில் வெளியேற்றிவிடும். பென்சீனில் பற்றிக்கொள்ள அப்படி ஒரு பிடி இல்லை. நொதி வளையத்தையே தாக்க வேண்டியிருக்கிறது. முதலில் பென்சீன் ஆக்சைடும், அதிலிருந்து ஃபீனாலும் ஹைட்ரோகுயினோனும் உண்டாகின்றன. இவை மஜ்ஜையை அடைந்து குயினோன்களாக மாறி, ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. ஆலையில் வளையத்தைக் காத்து நின்ற அந்த 150 கிலோஜூலே உடலுக்குள் வேறு வழி இல்லாமல் செய்துவிடுகிறது.

சட்டம் தயங்கியே வந்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு, பணியிடக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 10 என்றிருந்த வரம்பை 1978-இல் 1 ஆக்கியது. பெட்ரோலியத் தொழில் சங்கம் வழக்குத் தொடுத்தது. போதிய ஆபத்து நிறுவப்படவில்லை என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. புதிய சான்றுகளோடு 1987-இல் அதே வரம்பு மீண்டும் வந்தது. நடுவில் போன ஒன்பது ஆண்டுகளுக்குத் தொழிலாளர்களே ஈடு கொடுத்தார்கள். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பை 0.2 ஆக்க முடிவெடுத்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பென்சீன் நஞ்சேற்றத்தை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. பதிவு பெறாத சிறு பட்டறைகளுக்கு அது எட்டியது அரிது.

பொதுமக்களை அடையும் பென்சீனில் பெரும்பங்கு பெட்ரோலிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் புகையிலைப் புகையிலிருந்தும் வருவது. பாரத் ஸ்டேஜ் மூன்றாம் நிலை முதல் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சுற்றுக்காற்றில் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பது 2009 முதல் இந்திய வரம்பு. நீர்நிலையில் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2005 நவம்பரில் சீனாவின் ஜிலின் நகர ஆலை வெடிப்பு காட்டியது: பென்சீனும் நைட்ரோபென்சீனுமாகச் சுமார் 100 டன் சோங்குவா ஆற்றில் கலந்து, கீழே இருந்த ஹார்பின் நகருக்குப் பல நாள் குழாய்த் தண்ணீர் நின்றது.

கரைப்பானாக இருந்த இடங்களில் டொலுயீன், சைக்ளோஹெக்சேன், ஹெப்டேன் ஆகியவை பென்சீனை ஏறக்குறைய முழுதும் அகற்றிவிட்டன. மூலப்பொருளாக அதன் இடத்தில் வைக்க இன்னும் எதுவும் இல்லை. அதன் வரத்தோ பிற தொழில்களைச் சார்ந்தது. பெட்ரோல் தேவை குறைந்தால் நாப்தாவைச் சீர்திருத்தும் ஆலைகள் ஓடுவது குறையும். எத்திலீன் ஆலைகள் நாப்தாவை விட்டு ஈத்தேனுக்கு மாறினால் உடன்விளைவாகப் பென்சீன் மிகச் சிறிதளவே கிடைக்கும். வட அமெரிக்காவில் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. மீத்தேனை நேரே வளையமாக்குவது, மரத்தின் லிக்னினிலிருந்து பெறுவது, பழைய பிளாஸ்டிக்கைச் சூட்டில் சிதைத்து மீட்பது ஆகிய மூன்று வழிகளிலும் ஆய்வு நடக்கிறது. முதல் வழியில் வினையூக்கியின் மேல் கரி படிந்து அது விரைவில் செயலிழப்பதே பெரிய தடை.